ஆளுக்கொரு கோழி

சென்ற மாதம் நுண்கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் சகோதரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "மாதாமாதம் எங்களைக் கவலைப்படுத்துகிறீர்களே, ஒரு மாதமாவது சமையலைப் பற்றி எழுதக்கூடாதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆகவே இம்மாதம் ஒரு கோழியைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொல்வதானால் இரண்டு கோழிகள். அவை வெந்த வீடு குறிகட்டுவான் துறையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அந்த அக்காவின் சம்மதத்துடன், அடையாளங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன்.

அவர் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். 2011 இல் போனார், 2020 இல் கொரோனாக் காலத்தில் திரும்பி வந்தார். போகும்போது மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு வயது. இப்போது மகள் வெளி மாவட்டத்தில் படிப்பிக்கிறாள், மகன் யாழ்ப்பாணத்தில் தங்கி வேலை செய்கிறான். வீட்டில் அக்காவும் கணவரும் மட்டும்தான். அந்த 'மட்டும்தான்' என்பதில்தான் பிரச்சினை இருந்தது. கணவர் கடற்றொழிலாளி. சில வருடங்களாக ஒரு கடலட்டைப் பண்ணையில் இராக்காவலுக்கும் போகிறார். பின்னேரம் போனால் விடியத்தான் வருவார், வந்தால் படுப்பார், எழும்பினால் மூடி வைத்த சாப்பாட்டை எடுத்துத் தனியே சாப்பிடுவார். சண்டை சச்சரவு இல்லை, குடியும் பெரிதாக இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். நான் அந்த வீட்டுக்குப் போனதற்குக் காரணம், அக்கா மறுபடியும் வெளிநாடு போவதற்கு ஆயத்தப்படுத்துகிறார் என்று மகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னதுதான். "அம்மாவுக்கு இப்ப நாற்பத்தொன்பது வயசு, இனியும் என்ன காசு மிஸ்?" என்று அழுதாள்.

நான் போய் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? முதல் இரண்டு தடவையும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். எங்கள் வேலையில் பாதி அதுதான். மூன்றாவது தடவை போனபோது அக்கா கோழிக்கூட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார்.

கோழிக்கும் ஒரு கதை இருக்கிறது. வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் அக்காவுக்குப் பத்து ஊர்க்கோழிக் குஞ்சுகள் கொடுத்திருந்தது. முட்டை விற்று வருமானம் தேடலாம் என்பது திட்டம். வளர்ந்து பார்த்தால் ஆறு சேவல், நான்கு பேடு. முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு விற்பவர்கள் பொரித்த அன்றே பேட்டையும் சேவலையும் பிரித்துவிடுவார்கள். பிரிக்காமல் கொடுத்தால் ஏறத்தாழப் பாதி சேவலாகத்தான் இருக்கும். இது இயற்கை. திட்டம் எழுதியவருக்கு மட்டும் இது தெரியாமல் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தில் அவை பத்தும் முட்டைக் கோழிகள்! தீன் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் ஆறு சேவலுக்குத் தீன் போட யாரால் முடியும்? பெரிதாக வளரும் மட்டும் வைத்திருந்தால் ஒன்றையொன்று கொத்திச் சாகும். இரண்டைக் கீரி கொண்டுபோயிற்று. மிச்சம் நான்கு.

"மூண்டரை மாசமாகுது பிள்ளை. ஒண்டு முக்கால் கிலோவும் வராது. கறிக்கு ஆக்கினால் எலும்புதான் மிஞ்சும்" என்றார் அக்கா. பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "குவைத்தில இப்படிச் சின்னக் கோழிதான் முழுசா அடைச்சுச் சுடுறனாங்கள்" என்றார். அவர் குவைத்தைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது அன்றுதான்.

வியாழன் இரவு என்றால் அந்த வீட்டில் விருந்து. வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. வளைகுடா நாடுகளில் ஒரு கிலோ அளவான சிறிய கோழிகளைத்தான் விரும்பி வாங்குவார்கள், உறைய வைத்த நிலையில் பிரேசில் நாட்டிலிருந்துகூட வரும். அவற்றின் வயிற்றுக்குள் வெங்காயம், கடலைப்பருப்பு, முந்திரிகை வற்றல், வாசனைச் சரக்குகள் சேர்த்து வதக்கிய கலவையை அடைத்து, முதலில் அவித்து, பின்பு ஓவனில் வைத்துச் சிவக்க எடுப்பது. அந்தக் கலவைக்கு அவர்கள் 'ஹஷு' என்று பெயர் சொல்வார்களாம். அடைத்த கோழி 'மஹ்ஷி'. ஒன்பது வருடத்தில் எத்தனை கோழி அடைத்திருப்பேன் என்று அக்கா விரல் மடித்து எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டார்.

"ருசி எப்படி அக்கா?" என்று கேட்டேன். "உப்புப் பாக்கிறதுக்கு ஒரு துண்டு வாயில வைக்கிறதுதான். முழுக்கோழி ஒண்டு என்ர கோப்பையில ஒருநாளும் இருந்ததில்லை" என்றார்.

இந்த இடத்தில் வாசகியரிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கோழிக்கறி சமைத்தால் உங்கள் கோப்பைக்கு வரும் துண்டு எது? நான் இதை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தொடை அவருக்கு, மற்றத் தொடை மகனுக்கு, ஈரல் கடைக்குட்டிக்கு, நெஞ்சுத் துண்டு வந்த விருந்தாளிக்கு. தங்களுக்குக் கழுத்து, முதுகு, செட்டை. தொடை என்று ஒருவராவது சொல்லவில்லை. கடைசியில் இருந்த ஒரு ஆச்சி, "எனக்குச் சட்டியில ஒட்டினது" என்றார். நான் மட்டும் என்ன திறம்? சமூகவியலில் பட்டம் எடுத்தவள், பால்நிலைச் சமத்துவம் பற்றி மாதம் இரண்டு கருத்தரங்கு வைப்பவள். என் கை கரண்டியைப் பிடித்தால் தொடைத் துண்டு தன்பாட்டில் மகனின் கோப்பைக்குத்தான் போகிறது.

பல்கலைக்கழகத்தில் மேரி டக்ளஸ் என்ற பிரித்தானிய மானிடவியலாளரின் ஒரு கட்டுரையைப் படித்தோம், 1972 இல் வெளிவந்தது. யாருக்குக் குடிக்க மட்டும் கொடுக்கிறோம், யாரை உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறோம் என்பதைப் பார்த்தாலே ஒரு வீட்டின் உறவுகள் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். பரீட்சைக்காகப் படித்தபோது அது இங்கிலாந்துக்காரரின் சங்கதி என்று நினைத்தேன். ஒரே கூரையின் கீழ் ஒருவர் விடிய ஒன்பது மணிக்கும் மற்றவர் பின்னேரம் மூன்று மணிக்கும் சாப்பிடும் வீட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஆளுக்கு ஒரு முழுக்கோழி என்ற எண்ணம் நமக்குப் புதிது. அமெரிக்காவில் அது ஒரு வியாபாரமாகவே நடந்தது. 1950களில் கனெக்டிகட் மாநிலத்தில் மக்கோவ்ஸ்கி என்ற தம்பதியர், ஒருவருக்கு ஒன்று போதுமான சிறிய கோழியை உருவாக்கிச் சந்தைக்கு விட்டார்கள். விக்டர் போர்கே என்ற பியானோ கலைஞர், மேடையில் சிரிக்க வைப்பவர், அவரும் அந்தக் கோழிகளை வளர்த்து விற்றுப் பிரபலப்படுத்தினார். 'கோர்னிஷ் கேம் ஹென்' என்பது பெயர். பெயரைக் கேட்டால் காட்டில் வேட்டையாடிய பறவை என்றுதான் தோன்றும். ஒன்றுமில்லை, சாதாரணக் கோழிதான், ஐந்து வாரமளவில் உரித்து விடுகிறார்கள். பேடு என்ற பெயரில் சேவலும் விற்கப்படும். ஆனால் அந்தக் கோர்னிஷ் இனத்தின் வழியைத் தேடிப் போனால் வேடிக்கை. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் அதை உருவாக்கியவர்கள் இந்தியாவின் அசீல் சண்டைச் சேவலைக் கலந்துதான் உருவாக்கினார்கள். அதற்கு முன்னைய பெயரே 'இந்தியன் கேம்'. இன்று நாம் கடையில் வாங்கும் புரொயிலர் கோழியின் பரம்பரையிலும் அந்த இனம் உண்டு. நம் பக்கத்துச் சேவல் உலகம் சுற்றி, பொலித்தீன் பைக்குள் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

அடைத்த கோழியும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அக்பரின் காலத்தில் அபுல் பசல் எழுதிய 'அயினி அக்பரி'யில், கோழியின் எலும்பைக் கழுத்து வழியாக எடுத்துவிட்டு, உருவம் குலையாமல் உள்ளே கொத்திறைச்சி, நெய், முட்டை, வெங்காயம், சரக்குகள் சேர்த்துச் செய்யும் பதார்த்தம் ஒன்று சொல்லப்படுகிறது. அரண்மனையில் எலும்பெடுக்க ஆள் இருந்தது. எங்களுக்கு எலும்போடே இருக்கட்டும்.

சரி, அக்காவின் வீட்டுக்கு வருவோம். "அக்கா, இருக்கிற சேவலில் ரெண்டை அடைச்சுச் சுடுங்கோவன். உங்களுக்கு ஒண்டு, அண்ணைக்கு ஒண்டு" என்றேன். ஆலோசனை என்று பெரிதாக ஒன்றுமில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு ரெண்டு கோழியோ? சனம் என்ன சொல்லும்?"

அது ஆனி மாதம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. குறிகட்டுவான் துறையில் காலடி வைக்க இடமில்லை. அந்தப் பகுதியில் பல வீடுகளில் கொடியிறங்கும் வரை மச்சம் இல்லை. ஆகவே சேவல்களுக்கும் அதுவரை ஆயுள் கிடைத்தது. திருவிழா முடிந்து, வெள்ளியும் கழிந்து, கணவருக்குக் காவல் இல்லாத ஒரு சனிக்கிழமையை அக்கா தானே தெரிந்தெடுத்தார். எனக்குப் பிறகுதான் சொன்னார்.

செய்முறையை அவர் சொன்னபடியே தருகிறேன், கேட்டு எழுதியிருந்த சகோதரிக்காக.

நம் வீடுகளில் ஊர்க்கோழியைத் தோலோடு உரித்து எறிந்துவிடுவது வழக்கம். சுடுவதற்குத் தோல் வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் வெந்து கிழியும். கை பொறுக்காத சூடு போதும், ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் இறகு இலகுவாகக் கழன்று வரும். மிச்சப் பூமயிரைக் காவோலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவவேண்டும். வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், கை போகும் அளவு கீறி, குடலை எடுத்துவிட்டு, ஈரலையும் மணிக்கல்லையும் புறம்பாக வைத்துக்கொள்ளவும். அடித்த உடனேயே அடுப்பில் ஏற்றினால் இறைச்சி விறைத்துப் போய் நார்போல இருக்கும். அக்கா வெள்ளி பின்னேரமே கோழிக்காரப் பெடியனைக் கொண்டு அடிப்பித்து, உப்பும் மிளகும் தேசிப்புளியும் உள்ளும் புறமும் தடவி, குவைத் காசில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையில் கோழி அடிப்பித்ததற்கு அம்மனிடம் மன்னிப்பும் கேட்டாராம்.

உள்ளே அடைப்பதற்கு: ஒரு கைப்பிடி கடலைப்பருப்பை ஊறவைத்து, நசியாமல் அவித்துக்கொள்ளவும். சின்ன வெங்காயம் இருபதைக் குறுணியாக வெட்டி, நெய்யில் நன்றாகச் சிவக்க வதக்கி, அதிலே வெட்டிய ஈரல், முந்திரிகை வற்றல், கறுவா, ஏலம், கராம்பு, நற்சீரகம், மிளகு எல்லாம் இடித்த தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, ஈரல் முற்றாக வேகும் வரை கிளறி, பருப்பையும் சேர்த்து இறக்கவும். குவைத்தில் இதற்குக் காய்ந்து கறுத்த தேசிக்காய் ஒன்று போடுவார்கள், 'லூமி' என்பார்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? பரணிலிருந்த உப்புத் தேசிக்காய் ஊறுகாயில் ஒரு துண்டை விதை நீக்கி, பொடியாக வெட்டிப் போட்டார். "அதை விட இதுதான் திறம்" என்பது அவரது தீர்ப்பு.

கலவையை அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் கோழிக்குள் அடைக்கவேண்டும். முதல்நாளே அடைத்து வைப்பது ஆபத்து, பச்சை இறைச்சிச் சாறு கலவையில் ஊறிக் கிருமி பெருகும். முக்கால் பங்குக்கு மேல் அடைக்கவும் கூடாது, இறுகிப் போனால் நடுவில் சூடு சேராது. சிறிய கோழியில் உள்ள நன்மையே இதுதான், வெளித்தோல் கருகும் முன்பே சூடு நடுவுக்குப் போய்விடும். வாயை ஈர்க்கால் குத்தி மூடி, கால் இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்டவும்.

ஊர்க்கோழி என்பதால் முதலில் அவிக்கவேண்டும். றம்பை, கறிவேப்பிலை, உள்ளி, இஞ்சி போட்ட தண்ணீரில் முக்கால் மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் அவித்து, எடுத்து ஈரம் உலர விட்டு, நெய்யும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் குழைத்துப் பூசவும். இனி ஓவன். அக்காவிடம் ஓவன் இல்லை. முன்பெல்லாம் நத்தாருக்குக் கேக் கலவையை வெதுப்பகத்துப் போறணைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவார்கள், அந்த வசதியும் இப்போது பக்கத்தில் இல்லை. பழைய கேக் சட்டி முறைதான் கைகொடுத்தது. பெரிய அலுமினியச் சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, கோழிகளை நெஞ்சு மேலே இருக்கும்படி வைத்து, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போட்டு மூடுவது. அரை மணித்தியாலத்தில் மேல்தோல் செம்பொன்னாக வரும். தணல் தணிந்தால் மாற்றிப் போடவும். தொடை மூட்டில் ஈர்க்கால் குத்திப் பார்க்கையில் வரும் சாறு தெளிவாக இருக்கவேண்டும், இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் வைக்கவும். வெப்பமானி வைத்திருப்போர் கலவையின் நடுவில் குத்திப் பார்த்தால் 74 பாகை செல்சியஸ் காட்டவேண்டும். ஓவன் வைத்திருப்போருக்கு 180 பாகையில் அதே அரை மணித்தியாலம். கடைப் புரொயிலரில் சிறியது கிடைத்தால் அவிக்கத் தேவையில்லை, நேரே ஓவனில் ஒன்றேகால் மணித்தியாலம். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். மிளகு தட்டிப் போட்டால் அருமையான சூப்.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அக்கா மேசையில் இரண்டு கோப்பை வைத்தார். அந்த மேசையும் குவைத் காசில் வாங்கியதுதான், அதுவரை அதில் துணி மடித்து வைப்பதே வழக்கம். பாண், வெள்ளரிக்காய்ச் சம்பல், சூப். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு முழுக்கோழி.

அண்ணை வந்து பார்த்துவிட்டு, "ஆர் வருகினம்?" என்று கேட்டாராம். ஒருவரும் வரவில்லை என்றதும் சற்று நேரம் நின்றார். பிறகு இருந்தார். அக்கா பழக்கத்தில் பரிமாற நின்றார். பரிமாற ஒன்றும் இல்லை, எல்லாம் கோப்பையில் இருக்கிறது. "இஞ்சேரும், நீரும் இரும்" என்றாராம். அக்கா இருந்தார். முழுக்கோழியை எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் ஈர்க்கை இழுத்தார், உள்ளிருந்து ஆவி வந்தது, முந்திரிகை வற்றலைக் கண்டுவிட்டு, "இது என்ன, கோழி பலகாரம் சாப்பிட்டதோ?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை காலம் என்று எனக்குச் சொல்லும்போதும் சிரித்தார்.

பாதி சாப்பிட்டபின் அவர் கேட்டார், "அங்க எத்தனை பேருக்குச் சமைச்சனீர்?"

"பதினொரு பேருக்கு."

"நீர் எங்க இருந்து சாப்பிட்டனீர்?"

"இருக்கிறேல்லை. வோஷிங் மெசினுக்குப் பக்கத்தில நிண்டு சாப்பிடுறது."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். ஒன்பது வருடம் அனுப்பிய காசுக்குக் கணக்கு வைத்திருந்தவர், கூரை போட்டது, கிணறு கட்டியது, மகளின் படிப்பு, எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர். இந்தக் கேள்வியை மட்டும் அதுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லையோ, கேட்கப் பயமோ, எனக்குத் தெரியாது. பிறகு, "ஆறப்போகுது, சாப்பிடும்" என்றாராம். அவர் எலும்பு மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டார். அக்காவால் முழுவதையும் முடிக்க முடியவில்லை, ஒரு தொடையை அவரது கோப்பையில் வைக்கப் போனார். "வேண்டாம், நாளைக்கு நீரே சாப்பிடும்" என்று தடுத்துவிட்டார்.

இதை எல்லாம் எனக்குச் சொன்னபோது அக்கா அழவில்லை. நான்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

கடவுச்சீட்டு இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. முகவர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்திருக்கிறார். போவதா விடுவதா என்று அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்த முடிவை நான் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. வீட்டுக் கடன் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மகளின் கலியாணம் வரும், நான்கு பேட்டுக்கோழியின் முட்டைக் காசில் அவை தீராது. அக்கா கணக்குத் தெரியாதவர் அல்ல. மகளுக்குத் தொலைபேசி எடுத்து விடயத்தைச் சொன்னேன். "அப்பா மேசையில இருந்து சாப்பிட்டவரோ?" என்று அதையே மூன்று தடவை கேட்டாள்.

போன கிழமை நெடுந்தீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் துறையில் நின்றேன். வலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணை வந்தார். வழக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவர், நின்று, கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, மற்ற ரெண்டு சேவலும் நல்லா வளர்ந்திட்டுது. அந்த முந்திரிகை வத்தல் எந்தக் கடையில வாங்கிறது?"